ஆடு கட்டிய முற்றங்கள்: கெல்சென்கிர்ச்சனில் ஒரு தலைமுறைப் பெண்களின் குழந்தைப்பருவம்

ஜெர்மனியின் மேற்கில், ரூர் என்று அழைக்கப்படும் பழைய நிலக்கரி வட்டாரத்தின் நடுவே அமைந்த கெல்சென்கிர்ச்சன், பயண நூல்கள் சில வரிகளில் கடந்துசென்றுவிடும் நகரமாகும். அவ்வரிகளும் மூடப்பட்ட சுரங்கங்களையும், 1904-இல் தோன்றிய ஷால்க்க 04 என்னும் கால்பந்துக் கழகத்தையும் பற்றியனவாகவே இருக்கின்றன. அந்நகரின் கவிஞர் இல்சே கிப்கிஸ் இந்நிலையை நன்கு அறிந்திருந்தார் என்பதற்கு, தம் ஊர் பயணப் பட்டியல்களில் பரபரப்பாக விலைபோவதன்று என்னும் பொருள்பட, 1984-இல் தம் கவிதைத் தொகுப்புக்கு அவர் இட்ட தலைப்பே சான்று. நகரின் வடமேற்கிலுள்ள ஹோர்ஸ்ட் என்னும் பகுதியில் 1928-இல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, வீட்டுப் பணி, கடை விற்பனை, துணி தேய்த்தல் எனக் கிடைத்த வேலைகளைச் செய்து வாழ்ந்து, 2015-இல் மறைந்த அப்பெண்மணியின் தலைமுறையை மனத்தில் இருத்தி இந்நகருக்குள் நுழையும் பயணிக்கு, கையேடுகள் காட்டாத வேறோர் ஊர் தென்படுகிறது. சுரங்கக் கோபுரத்தின் நிழல் விழும் தூரத்திலேயே உருளைக்கிழங்கு விளைந்து, வெள்ளாடு கட்டப்பட்டு, பன்றி வளர்க்கப்பட்டு, கிராமம் என்பது பெண்கள், சிறுமியர் கைகளில் உயிர்தரித்திருந்த ஊர் அது.

கெல்சென்கிர்ச்சன் என்னும் பெயரிலுள்ள 'கிர்ச்சன்' தேவாலயத்தைக் குறிக்கும் சொல்லாகும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரையில் இது தேவாலயத்தைச் சுற்றிய ஓர் உழவர் சிற்றூராகவே இருந்தது. இன்றைய நகர எல்லைக்குள் அடங்கும் அத்தனை ஊர்களையும் சேர்த்தே 1840-இல் ஏறத்தாழ 6,000 பேர் மட்டுமே வாழ்ந்தனர். அக்காலத்தில் நிலக்கரி இருப்பது கண்டறியப்பட்டதும், 1847-இல் கொலோனையும் மிண்டனையும் இணைக்கும் இருப்புப்பாதை இவ்வழியே சென்றதும், 1855-இல் டப்ளினைச் சேர்ந்த வில்லியம் தாமஸ் மல்வனி என்னும் அயர்லாந்துக்காரர் தம் நாட்டின் இலத்தீன் பெயரான 'ஹிபெர்னியா' என்பதையே சூட்டி ஒரு சுரங்கத்தைத் தோண்டத் தொடங்கியதும் சேர்ந்து, இரண்டு தலைமுறைக்குள் அச்சிற்றூரை விழுங்கிவிட்டன. 1875-இல் நகர உரிமை பெற்ற கெல்சென்கிர்ச்சன், 1928 ஏப்ரல் 1 அன்று வடக்கிலிருந்த பூர் நகரத்தோடும் ஹோர்ஸ்ட்டோடும் இணைக்கப்பட்டது. கிப்கிஸ் பிறந்த ஆண்டும் ஹோர்ஸ்ட் தன் தனித்த ஆட்சியை இழந்த ஆண்டும் ஒன்றே என்பது, இக்கட்டுரை பேசவரும் பொருளுக்கு மிகவும் பொருத்தமாக அமைந்த செய்தியாகும்.

முதன்மைத் தொடர்வண்டி நிலையத்திலிருந்து ஹோர்ஸ்ட்டை நோக்கிச் செல்லும் 301 என்னும் எண்ணுள்ள டிராம், நகரின் நீள அகலத்தை ஒருங்கே காட்டும் வழியில் செல்கிறது. 1959-இல் வெர்னர் ரூனாவின் வடிவமைப்பில் கட்டப்பட்டு, ஈவ் கிளைனின் பெரிய நீலநிறச் சிற்பப் பரப்புகளைக் கொண்டிருக்கும் இசை நாடக அரங்கை அது கடக்கிறது. பிறகு விலங்குக் காட்சிச் சாலையின் பக்கமாக வடக்கே சென்று, 1914-இல் திறக்கப்பட்ட ரைன்–ஹெர்னே கால்வாயையும் அதையொட்டி ஓடும் எம்ஷர் ஆற்றையும் தாண்டுகிறது. பூரைச் சுற்றிக்கொண்டு மேற்கே திரும்பி, இறுதியில் ஹோர்ஸ்ட்டை அடைகிறது. கால்வாய்க்குத் தெற்கே இருப்பது பழைய கெல்சென்கிர்ச்சன். வடக்கே இருப்பவை பூரும் ஹோர்ஸ்ட்டும். ஒன்றாக இணைக்கப்பட்டு ஒரு நூற்றாண்டு நெருங்கும் நிலையிலும், வடக்கே உள்ளவர்கள் தங்களைப் பூர்க்காரர், ஹோர்ஸ்ட்காரர் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் இன்னும் போகவில்லை.

எம்ஷர் ஆற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் ஹோர்ஸ்ட்டில் வளர்ந்த எந்தப் பெண்ணின் குழந்தைப்பருவமும் அந்த ஆற்றின் நாற்றம் இல்லாமல் முழுமை பெறாது. தொழில் வருமுன் எம்ஷர், மெல்ல வளைந்தோடிய ஒரு சிற்றாறு. அதன் கரைகளில் சதுப்பும் காடும் பரந்திருந்தன. 'தடித்தலையர்' என்று மக்கள் அழைத்த காட்டுக் குதிரைகள் அச்சதுப்பில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை திரிந்தன. நிலக்கரியை எடுத்த இடங்களில் மேற்பரப்பு அமிழ்ந்துகொண்டே போனமையால், நிலத்தடியில் கழிவுநீர்க் குழாய் பதித்தால் அது உடைந்துவிடும் என்பது தெரிந்து, ஆற்றையே திறந்த சாக்கடையாக்குவது என முடிவெடுக்கப்பட்டது. 1899-இல் அமைக்கப்பட்ட எம்ஷர் கூட்டுறவுச் சங்கம், ஆற்றை நேராக்கிக் கரையையும் அடியையும் கற்காரையால் பூசி, நகரங்களின் கழிவனைத்தையும் அதில் விட்டது. அதற்கான தேவை பொய்யன்று. 1901-இல் கெல்சென்கிர்ச்சனில் பரவிய குடற்காய்ச்சலில் 3,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றதும், புகழ்பெற்ற மருத்துவ அறிஞர் ராபர்ட் கோக் அதை ஆராய வரவழைக்கப்பட்டதும், வடிகட்டப்படாத ரூர் ஆற்றுநீர் குடிநீர்க் குழாயில் கலக்கப்பட்டமை நீதிமன்றம் வரை சென்றதும் அக்காலத்து ஜெர்மனியையே உலுக்கிய செய்திகளாகும். எனினும், நோயைத் தடுக்க எடுத்த முடிவின் விலையை ஆற்றோரத்துக் குழந்தைகளே கொடுத்தனர். கழிவு மிதந்து செல்லும் அந்த ஓடைகளை வட்டார வழக்கில் 'கோட்டெல்பெக்கே', அதாவது சாணி ஓடை, என்றனர். அதன் வழுக்கும் சரிவில் விழுந்தால் ஏறிவர இயலாது என்பதால், அதன் பக்கம் போகாதே என்பது ஒவ்வொரு தாயும் சொல்லும் முதல் எச்சரிக்கையாக இருந்தது. ஆற்றோரத்தில் பிறந்தும் ஆற்றில் இறங்காமல் வளர்ந்த குழந்தைகள் அவர்கள்.

ஹோர்ஸ்ட்டின் நடுவே, எம்ஷரின் பழைய சதுப்பில் எழுந்த ஒரு மாளிகை நிற்கிறது. 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ருட்கர் ஃபன் டெர் ஹோர்ஸ்ட் என்னும் பிரபு கட்டிய இது, வெஸ்ட்பாலிய நிலப்பகுதியின் மறுமலர்ச்சிக் காலக் கட்டடங்களில் முதன்மையானது. இன்று அருங்காட்சியகமாகவும் திருமணப் பதிவு நடைபெறும் இடமாகவும் பயன்படுகிறது. அங்கிருந்து தெற்கே நடந்தால் நோர்ட்ஷ்டெர்ன் சுரங்கத்தின் கோபுரம் வந்துவிடும். 'துருவ நட்சத்திரம்' என்பது அப்பெயரின் பொருள். 1850களின் பிற்பகுதியில் தோண்டத் தொடங்கியபோது ரூர் வட்டாரத்தின் வடகோடிச் சுரங்கமாக அது இருந்தமையால் இப்பெயர் பெற்றது. பிரபுவின் மாளிகையும் சுரங்கக் கோபுரமும் இத்துணை அருகருகே நிற்பதைக் காணும்போதுதான், ஹோர்ஸ்ட் எவ்வளவு குறுகிய காலத்தில் நாட்டுப்புறத்திலிருந்து பிடுங்கி எடுக்கப்பட்டது என்பது விளங்குகிறது.

பிடுங்கி எடுக்கப்பட்டது என்பதும் முழு உண்மையன்று. சுரங்க நிறுவனங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது, அவை கிழக்கே வெகுதொலைவிலிருந்த ஏழை உழவர் நாடுகளையே நாடின. குறிப்பாகக் கெல்சென்கிர்ச்சனுக்கு, அன்று கிழக்குப் பிரஷ்யாவின் தென்பகுதியாகவும் இன்று போலந்தின் பகுதியாகவும் உள்ள மசூரியாவிலிருந்து, போலிய மொழியின் ஒரு கிளைவழக்கைப் பேசிய புரோட்டஸ்டண்ட் கிறித்தவர்கள் பெருந்திரளாக வந்தனர். ஷால்க்க கழகத்தின் மாபெரும் ஆட்டக்காரர்களான எர்ன்ஸ்ட் குட்சோராவும் ஃபிரிட்ஸ் ஷெப்பானும் அவ்வாறு வந்த குடும்பங்களின் பிள்ளைகளே. இப்பெயர்வின் தன்மையை உணர்த்தும் ஆவணம் ஒன்று உண்டு. கெல்சென்கிர்ச்சனுக்குக் கிழக்கே ரவுக்செலில் இருந்த விக்டர் சுரங்கத்திற்காக 1908-இல் மசூரியர்களை விளித்து வெளியிடப்பட்ட அழைப்பு அது. ஆலைகளின் புகையும் பெருநகரின் இரைச்சலும் எட்டாத இடத்தில், மசூரிய கிராமம் ஒன்றைப் போலவே வயலும் புல்வெளியும் சூழ அமைந்த குடியிருப்பு காத்திருப்பதாகவும், வீட்டுக்கு வீடு தோட்டமும் கால்நடைக்கு இடமும் கிடைக்கும் என்றும் அது வாக்களித்தது. சுரங்கத்திற்கு ஆள் பிடிக்க விரித்த வலை கிராமத்தின் படமாகவே இருந்தது. தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லித் தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களிலிருந்து இலங்கை மலையகத்துக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த கதையைக் கேட்டு வளர்ந்த எந்தத் தமிழ் வாசகருக்கும் இந்த அழைப்பின் உட்பொருளை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது: மலையகத்தின் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் கிடைக்காத ஒன்று ரூர் வட்டாரத்துத் தொழிலாளர் குடியிருப்பில் உண்மையாகவே கிடைத்தது. 'கொலோனி' என்று அழைக்கப்பட்ட அக்குடியிருப்புகளில் வீட்டின் பின்புறம் ஒரு துண்டு நிலமும், ஒரு சிறு தொழுவமும் இருந்தன. அந்நிலத்தை நிறுவனம் இரக்கத்தால் கொடுக்கவில்லை. தோட்டமும் ஆடும் உள்ள குடும்பம் வேறு சுரங்கத்துக்கு எளிதில் இடம்பெயராது என்பதும், தன் காய்கறியைத் தானே விளைவித்துக்கொள்ளும் வீட்டிற்குக் குறைந்த கூலி போதும் என்பதும் அதன் கணக்கு. அக்கணக்கினுள் புகுந்து, பெண்கள் தங்களுக்கென ஓர் உலகத்தை அமைத்துக்கொண்டனர். தமிழ்நாட்டில் ஏழைகளின் பசு என்று வெள்ளாட்டைச் சொல்வது போலவே, ரூர் வட்டாரத்தில் அதற்குச் 'சுரங்கத் தொழிலாளியின் பசு' என்று பெயர். அந்தப் பசுவுக்குத் தொழிலாளி பெயரளவில் உரிமையாளராக இருந்தாரேயன்றி, இருப்புப்பாதையோரத்துப் புல்லை அறுத்துக் கொணர்ந்ததும், பால் கறந்ததும், தொழுவத்தைக் கூட்டியதும் பெரும்பாலும் அவருடைய மனைவியும் பிள்ளைகளுமே.

இன்று இத்தகைய குடியிருப்பைப் பார்க்க விரும்பும் பயணிக்குப் பூர் பகுதியின் தெற்கிலுள்ள ஷூங்கல்பெர்க் ஏற்ற இடமாகும். 2000-இல் மூடப்பட்ட ஹூகோ சுரங்கத்தின் தொழிலாளர்களுக்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கட்டப்பட்ட இக்குடியிருப்பில், வளைந்து செல்லும் தெருக்களும், தாழ்ந்த கூரைகளும், வீட்டுக்கு வீடு தோட்டமும் இன்னும் உள்ளன. சுரங்கத்தில் பணியாற்றியவர்கள் பாதுகாத்துவரும் 'சிறு அருங்காட்சியகம்' ஒன்றும் அங்கு இருக்கிறது. விளக்கு, தலைக்கவசம், உளி, சம்மட்டி எனச் சுரங்க அருங்காட்சியகங்களில் எங்கும் காணப்படும் பொருள்களில் தமிழ்நாட்டவரின் கண்ணை உடனே ஈர்ப்பது, 'ஹெங்கெல்மான்' என்னும் கைப்பிடி வைத்த உலோகத் தூக்குச்சட்டியாகும். காலையில் சூப்போ, காயும் கிழங்கும் சேர்த்த குழம்போ நிரப்பி மூடிக் கொடுத்த அந்தத் தூக்குச்சட்டிக்குள், பின்கட்டுத் தோட்டத்திலிருந்து சுரங்க வாயில் வரை நீண்ட ஒரு பெண்ணின் முழு நாள் உழைப்பு அடங்கியிருந்தது. இருப்பினும், அருங்காட்சியகங்களில் அது ஆணின் உடைமையாகவே காட்சிக்கு வைக்கப்படுகிறது.

இந்த உழைப்பை முதன்முதலில் முறையாகக் கேட்டு எழுதியவர்கள் வரலாற்றாய்வாளர்களே என்பது குறிப்பிடத்தக்கது. 1980-இல் எஸ்ஸன் நகரில் லுட்ஸ் நீத்தாமர் தலைமையில் தொடங்கிய ஆய்வுத்திட்டம், ரூர் வட்டாரத்து மக்களின் 1930 முதல் 1960 வரையான வாழ்க்கையை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்தது. வாய்மொழி வரலாறு, அதாவது ஆவணங்களுக்கு மாறாக வாழ்ந்தவரின் நினைவையே சான்றாகக் கொள்ளும் ஆய்வுமுறை, ஜெர்மன் மொழியில் வேரூன்றியது இத்திட்டத்தால்தான். அதில் பங்கேற்ற ஆனே-காட்ரின் ஐன்ஃபெல்ட் என்னும் ஆய்வாளர், சுரங்கக் குடியிருப்புப் பெண்களின் வேலை அனுபவங்களை மட்டுமே தனியே எடுத்து ஆராய்ந்தார். இத்தகைய ஆய்வுகளின் வழியே தெரியவரும் குழந்தைப்பருவம் வேலையால் நிரம்பியதாகும். நிறுவனம் ஊதியத்தின் ஒரு பகுதியாக அளித்த நிலக்கரி வண்டியிலிருந்து தெருவில் கொட்டப்படும்போது, அதை வாளி வாளியாக நிலவறைக்கு இறக்கியவர்கள் பெண்களும் பிள்ளைகளும். தகப்பனின் கரிபடிந்த வேலையுடையைக் கொப்பரையில் வேகவைத்துத் தேய்த்துத் தோய்த்த பின், காற்றின் திசை மாறியதும் ஆலைப்புகையின் கரி படியுமுன்னே கொடியிலிருந்து வெள்ளைத் துணிகளை ஓடி எடுக்கவேண்டியவள் மகள். இலையுதிர் காலத்தில் முட்டைக்கோஸைச் சீவி உப்பிட்டுச் சாடியில் அழுத்திப் புளிக்கவைப்பதும், பழங்களைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைப்பதும், குளிர்காலத் தொடக்கத்தில் பன்றி அறுத்த நாளில் எதையும் வீணாக்காமல் பதப்படுத்துவதும் தாயிடமிருந்து மகள் கற்ற கல்விகளாகும்.

இவற்றோடு, முந்தைய தலைமுறைகளில், பல வீடுகள் 'கோஸ்ட்கெங்கர்' எனப்பட்ட மணமாகாத தொழிலாளர்களை வாடகைக்கு வைத்துச் சோறுபோட்டன; ஒருவர் முறைவேலைக்குப் போனதும் அதே படுக்கையில் வேலைமுடித்து வந்த மற்றொருவர் படுத்த வீடுகளும் உண்டு. நிலத்தடியில் இறங்கியவர்கள் ஆண்கள் மட்டுமே என்பதும், ஜெர்மனியில் பெண்கள் நிலத்தடிச் சுரங்கப் பணியில் சேர்வதற்கு இருந்த சட்டத் தடை 2009-இல்தான் நீங்கியது என்பதும் உண்மையே. எனினும் மூன்று முறைகளில் இடையறாது ஓடிய ஒரு சுரங்கத்தின் கடிகாரத்திற்கு ஏற்ப உணவும் உறக்கமும் வெந்நீரும் அமைத்துக் கொடுத்த வீட்டுப் பெண், எவ்வகையில் அத்தொழிலுக்கு வெளியே இருந்தாள் என்று கூறமுடியும்?

இந்த இடத்தில் கோலார் தங்கவயலை நினைவுகூர்வது தகும். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தொடங்கி, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட அச்சுரங்கங்களுக்கு, வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் சென்றன. 'லைன் வீடு' என்ற வரிசைக் குடில்களில் வாழ்ந்தன. தங்கவயலின் ஆழத்தையும் விபத்துகளையும் தொழிற்சங்கப் போராட்டங்களையும் பற்றி அறிந்த அளவுக்கு, அந்த லைன் வீடுகளில் சிறுமியாக வளர்ந்தவர் கண்ட உலகைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது குறைவு. கெல்சென்கிர்ச்சனில் சுற்றும் தமிழ்ப் பயணிக்கு இக்குறை மிகவும் உறுத்துகிறது.

ஹோர்ஸ்ட்டில் 1928-இல் பிறந்த ஒரு சிறுமிக்கு நாஜிகள் ஆட்சியைப் பிடித்தபோது வயது நான்கோ ஐந்தோ. 1938 நவம்பரில் கெல்சென்கிர்ச்சனிலும் பூரிலும் யூதத் தொழுகைக் கூடங்கள் எரிக்கப்பட்டபோது வயது பத்து. 1942 ஜனவரி 27 அன்று இந்நகரிலிருந்து யூதர்களை ஏற்றிய தொடர்வண்டி ரீகாவுக்குப் புறப்பட்டபோது வயது பதின்மூன்று. அவ்வயதுப் பிள்ளைகளில் பலர், 1940 இலையுதிர் காலத்தில் தொடங்கிய அரசுத் திட்டத்தின்படி, குண்டுவீச்சுக்கு இலக்கான நகரங்களிலிருந்து பவேரியா, பொமரேனியா முதலிய நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். பாதுகாப்பு என்பது ஒரு காரணமாயினும், பெற்றோரிடமிருந்து பிரித்துக் கட்சியின் போக்கில் வளர்ப்பதும் அத்திட்டத்தின் நோக்கமாக இருந்தது. பள்ளி முடித்த பெண்கள், 1938 முதல் நடைமுறைக்கு வந்த 'கட்டாய ஆண்டு' என்னும் விதியின்படி, ஓராண்டு பண்ணையிலோ பிறர் வீட்டிலோ பணிசெய்ய வேண்டியிருந்தது. இவ்வாறு, தொழில்நகரத்துச் சிறுமியர் பலர் முன்பின் தெரியாத ஊர்களின் மாட்டுத் தொழுவங்களில் நின்றனர்.

அதே ஹோர்ஸ்ட்டில், அதே ஆண்டுகளில், சிற்றூர்களிலிருந்து வந்த வேறு சிறுமியரும் இளம்பெண்களும் இருந்தனர். 1936-இல் தொடங்கப்பட்ட கெல்சென்பெர்க் பென்சின் நிறுவனம், நிலக்கரியிலிருந்து வானூர்திக்கான பெட்ரோலைச் செய்யும் பெரிய ஆலையை இங்கு அமைத்திருந்தது. 1944 ஜூன் 12-13 இரவில் பிரிட்டிஷ் விமானங்கள் அதைத் தாக்கிச் சிதைத்தன. இடிபாடுகளை அகற்றுவதற்காக, அவ்வாண்டு ஜூலையில் அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து ஏறத்தாழ 2,000 யூதப் பெண்கள் கொண்டுவரப்பட்டனர். 1944 மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை தொடக்கம் வரையிலான எட்டு வாரங்களுக்குள் அன்றைய ஹங்கேரியிலிருந்து நாடுகடத்தப்பட்ட 4,30,000-க்கும் மேற்பட்ட யூதர்களில் எஞ்சியவர்கள் அவர்கள். பெரும்பாலோர் கார்பேத்திய மலையடிவாரத்தையும் வட திரான்சில்வேனியாவையும் சேர்ந்த சிற்றூர்கள், சந்தை நகரங்களில் வளர்ந்தவர்கள். பலருக்கு வயது இருபதுகூட நிரம்பவில்லை. புகன்வால்ட் முகாமின் கிளையாக அமைக்கப்பட்ட கூடாரங்களில் அவர்கள் அடைக்கப்பட்டனர். செப்டம்பர் 11 அன்று மீண்டும் குண்டுவீச்சு நிகழ்ந்தபோது, பதுங்குகுழிகளுக்குள் நுழைய அவர்களுக்கு அனுமதி இல்லை. ஏறத்தாழ 150 பேர் கொல்லப்பட்டனர்.

காயமடைந்தவர்கள் உள்ளூர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு அறுவை மருத்துவராக இருந்த ருடோல்ஃப் பெர்ட்ராம், செவிலியரான கன்னியருடன் சேர்ந்து அவர்களை மற்ற நோயாளிகளைப் போலவே நடத்தினார். அவர்களைத் திரும்பக் கேட்ட காவல்துறையிடம், பயணம் செய்யும் நிலையில் இல்லை என்று கூறி மறுத்துவந்தார். அவரது பாதுகாப்பில் 17 பெண்கள் விடுதலை நாள் வரை உயிர்பிழைத்தனர். உயிரைப் பணயம் வைத்து யூதர்களைக் காத்த பிறருக்கு இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் அளிக்கும் 'நாடுகளிடையே நேர்மையாளர்' என்னும் சிறப்பு அவருக்கு வழங்கப்பட்டது. ஹோர்ஸ்ட்டில் ஒரு சதுக்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. குண்டுவீச்சுக்குச் சற்று முன்பே 520 பேர் எஸ்ஸனில் குருப் ஆலைக்கு அனுப்பப்பட்டிருந்தனர்; குண்டுவீச்சுக்குப் பின் எஞ்சியவர்களில் பெரும்பாலோர் சோமர்டா நகரின் வெடிமருந்து ஆலைக்கு அனுப்பப்பட்டனர்.

அப்பெண்களைப் போன்று உயிர்தப்பியவர்கள் பலர் அரை நூற்றாண்டுக்குப் பின்னரே பேசினர். 1994-இல் அமெரிக்காவில் திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் நிறுவிய ஷோவா நிறுவனம் பதிவுசெய்த 50,000-க்கும் மேற்பட்ட நேர்காணல்கள் கொடுமையிலிருந்து தொடங்குவதில்லை. பிறந்த ஊர், பெற்றோர், வீடு, பள்ளி, பண்டிகை என்று குழந்தைப்பருவத்தையே முதலில் கேட்பது அவற்றின் முறை. அம்முறை மிகச் சரியானது. ஏனெனில், பறிக்கப்பட்டது எது என்பதை அறியாமல், பறித்ததன் கொடுமையை அளக்க இயலாது. ஒரு மூதாட்டி தன் ஊரின் வேலியையும் கிணற்றையும் அடுப்பையும் சொல்லிமுடிக்கும்போதுதான், முகாமின் பட்டியலில் வெறும் எண்ணாக இருந்தவர் மீண்டும் ஓர் ஊரின் மகளாகிறார்.

ஹோர்ஸ்ட்டின் தெற்குக் கல்லறைத் தோட்டத்தில் கெல்சென்பெர்க்கில் மாண்ட பெண்களுக்கு நினைவுச்சின்னம் உள்ளது. 1928-இல் ஹோர்ஸ்ட்டில் பிறந்த சிறுமிக்கு 1944-இல் வயது பதினாறு. அந்தக் கல்லுக்குரியவர்களில் அவ்வயதினரும் இருந்தனர். ஒரே ஊரின் ஒரே கோடைக்காலத்தில் இரண்டு குழந்தைப்பருவங்கள் முடிவடைந்தன; ஒன்று பேசுவதற்கு வாழ்வைப் பெற்றது, மற்றொன்று பெறவில்லை. அவ்வாண்டு நவம்பர் 6-இல் நகரின் மையமே குண்டுவீச்சில் அழிந்தது.

போருக்குப் பின் நிலக்கரி மீண்டும் பொன்னாயிற்று; 1950களின் இறுதியில் மக்கள்தொகை ஏறத்தாழ 3,90,000-ஐ எட்டிய கெல்சென்கிர்ச்சன், அதே காலத்தில் தொடங்கிய நிலக்கரி நெருக்கடியால் சரியத் தொடங்கியது. 1961 தேர்தலில் வில்லி பிராண்ட் ரூர் வட்டாரத்தின் வானம் மீண்டும் நீலமாக வேண்டும் என்று கோரியபோது, துணிக்கொடியோடு வானத்தைப் பார்த்தே வாழ்ந்த பெண்களுக்கு அது புதிய கருத்தாக இருந்திருக்காது. கிப்கிஸ் எழுத்துலகில் கால்வைத்ததும் இச்சரிவுக் காலத்தில்தான். நகர நூலகத்தின் பொறுப்பில் இருந்த கவிஞர் ஹூகோ எர்ன்ஸ்ட் கொய்ஃபர் முதலியோர் 1967-இல் தொடங்கிய இலக்கியப் பட்டறை, எழுத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்களையும் எழுதத் தூண்டியது. ஆலைத் தொழிலாளர், சுரங்கத்தார் ஆகியோருடன் கிப்கிஸும் அச்சூழலில் இடம்பெற்றார். அவரது முதல் தொகுப்பு 1977-இல், அவருக்கு ஐம்பது வயது நெருங்கும் நிலையில், வெளிவந்தது. நிலக்கரி இலக்கியம் என்றால் ஆண்கள் எழுதும் நிலத்தடிக் கதை என்றிருந்த வட்டாரத்தில், துணி தேய்த்தும் கடையில் நின்றும் பிழைத்த ஒரு பெண் தன் தெருவையே பொருளாகக் கொண்டு எழுதியது சிறிய செயலன்று. அதே 1970களில், ஊக்கெண்டோர்ஃப் பகுதியிலிருந்த ஃப்ளோட்ஸ் டிக்கெபாங்க் என்னும் பழைய குடியிருப்பை இடித்து அடுக்கு மாடிகளைக் கட்டும் திட்டத்தை அங்குள்ள மக்கள் ஒன்றுகூடித் தடுத்தனர். தோட்டமும் தொழுவமும் உள்ள அந்தத் தாழ்ந்த வீடுகளின் அருமையை, அவற்றில் வாழ்ந்தவர்களே நகரத் திட்டமிடுவோர்க்குக் கற்பித்தனர்.

நோர்ட்ஷ்டெர்ன் சுரங்கம் 1993-இல் மூடப்பட்டு, 1997-இல் கூட்டாட்சித் தோட்டக்கலைக் கண்காட்சிக்கான பூங்காவாக மாறியது; அதன் கோபுரத்தின் உச்சியில் 2010 முதல், மார்க்கஸ் லூப்பெர்ட்ஸ் செய்த 18 மீட்டர் உயர ஹெர்குலிஸ் சிலை நிற்கிறது. பூங்கா அழகானதே, குழந்தைகள் ஓடியாடும் புல்வெளியாக அது மாறியதில் எவரும் மகிழ்வர். எனினும் இத்துணை உயரத்தில் ஒரு வீரனை ஏற்றிவைத்த இடத்தில், வெள்ளாட்டையும் தூக்குச்சட்டியையும் தாங்கிய பெண்ணுக்கு ஒரு முழ உயரச் சிலையாவது இருந்திருக்கலாம் என்றே தோன்றுகிறது. எம்ஷர் 1992 முதல் மீட்கப்பட்டுவருகிறது: டோர்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீட்டர் நீளத்தில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் அமைக்கப்பட்டு, 2021-இன் இறுதியில் ஆறு கழிவிலிருந்து முற்றிலும் விடுபட்டது. கிப்கிஸ் அதைக் காண வாழவில்லை.

தமிழ்ப் பயணிக்கு இந்த வட்டாரத்தில் இன்னொரு கடமையும் உண்டு. 1983 வன்முறைக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து ரூரிலும் அதையொட்டிய ஊர்களிலும் குடியேறிய தமிழர்கள், கெல்சென்கிர்ச்சனுக்குக் கிழக்கே ஹம் நகரின் ஊன்ட்ராப் தொழிற்பேட்டையில் எழுப்பிய காமாட்சி அம்பாள் ஆலயத்திற்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. ஆண்டுதோறும் தேர் இழுக்கப்படும் நாளில் அங்கு கூடும் பெண்களில் முடி நரைத்தவர்கள் பலர் யாழ்ப்பாணத்தின் ஊர்களில், பனையோலை வேலிக்கும் பங்குக் கிணற்றுக்கும் இடையே சிறுமியராக வளர்ந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஜெர்மன் பள்ளிகளில் படிக்கின்றனர். பதிவுக்கருவி ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்கிறது. அவர்கள் போரைப் பற்றிக் கேட்பதற்கு முன், அம்மம்மாவிடம் துலாக் கிணற்றில் நீர் இறைத்தவர் யார், ஆட்டுக்குக் குழை ஒடித்து வந்தவர் யார், பள்ளிக்கூடம் எத்தனை கட்டை தூரம் என்று கேட்டு, சொல்வதைச் சொன்னபடியே இந்த ஆண்டிலேயே எழுதிவைக்க வேண்டும்.